இஞ்சின் இடிக்கிற சத்தம்

இந்தப் பத்திரிகைக்கு எழுதச் சொல்லித் தோழர் ஒருத்தர் கேட்டபோது, எனக்குக் கதை கவிதை எல்லாம் வராது, தெரிஞ்சது இஞ்சின் ஒண்ணுதான் என்று சொன்னேன். 'அதையே எழுதுங்கண்ணே' என்றார். யோசித்துப் பார்த்தேன். நிலத்தைப் பற்றி நம்ம ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். செருப்பு, சாவு மேளம், மலக்குழி எல்லாம் எழுதியிருக்கிறார்கள். கிரீஸ் படிந்த கையைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை. அதனால் எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிக்கிற கை, கோணல்மாணலாகத்தான் வரும்.

எட்டாங்கிளாஸ் பாதியில் நின்றது. 1986ல், பதின்மூணு வயசில், திருவண்ணாமலையில் ஒரு மேஸ்திரியின் ஷெட்டில் சேர்ந்தேன். மதியச் சோறு, வாரக் கடைசியில் அஞ்சு ரூபாய். ஸ்பேனர் எடுத்துக்கொடுப்பது, சாமான்களைப் பெட்ரோலில் கழுவுவது, டீ வாங்கி வருவது. டீக்கடையில் ஷெட்டுக்காரர்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸ். எனக்குக் கூரைக் கீற்றில் செருகி வைத்த அலுமினியக் குவளை. எடுப்பதும் நான், குடிப்பதும் நான், கழுவி மறுபடி செருகுவதும் நான். எல்லோருக்கும் டீ வாங்கிப் போகிற தூக்குவாளியை நான் தொடலாம். அதில் தீட்டில்லை. அந்தக் கணக்கு இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

அப்போது ரோட்டில் ஓடியதெல்லாம் அம்பாசடரும் ஃபியட்டும்தான். டைமிங் லைட் வைத்துப் பார்க்கிற ஷெட் எங்களுடையது இல்லை. காதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்பைத் தளர்த்தி, இஞ்சினை ஓடவிட்டு, அதன் மண்டையைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஒரு நூல் திருப்பணும். சத்தம் சமனாக வந்ததும் கிளாம்பை இறுக்கி ரோட்டுக்கு எடுத்துப்போகணும். டாப் கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வைத்து ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கணும். அப்போது பானெட்டுக்குள்ளிருந்து, தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டு ஆட்டின மாதிரி ரெண்டு மூணு சத்தம் வந்து அடங்கணும். சத்தமே வராவிட்டால் டைமிங் பின்னால் கிடக்குது, வண்டி இழுக்காது. சத்தம் வந்து அடங்காமலே போனால் டைமிங் முன்னால் ஓடிப்போச்சு, இஞ்சின் சாகும். இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் ஒரு நூல் அகலம்தான்.

மேஸ்திரிக்கு வயசாகிக் காது மந்தமாகிவிட்டது. ஒரே வருஷத்தில் ரோடு டெஸ்டுக்கு என்னைத்தான் இட்டுக்கினு போவார். 'இன்னாடா சொல்லுது?' என்பார். 'இன்னும் கொஞ்சம் பின்னால மேஸ்திரி' என்பேன். இறங்கித் திருப்புவார். வண்டிக்காரர் எதிரில் மட்டும் அவரே கேட்டுக் கண்டுபிடித்த மாதிரி சொல்லுவார். எனக்குக் கோபம் வந்ததில்லை. அந்த வயசில் அதுவே பெருமையாக இருந்தது.

அந்தக் காது எங்க நைனா கொடுத்தது. நைனா பறையடிக்கிறவர். ஊரில் சாவு விழுந்தால் நடுராத்திரியானாலும் எழுந்து போகணும். அடிக்கிறதுக்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார். தோலில் சூடு ஏற ஏறக் குரல் மேலே போகும். விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார். காய்ச்சல் பத்தாவிட்டால் சத்தம் தொங்கும். மிஞ்சினால் தோல் கிழியும். 'போதும்னு தோலே சொல்லும்டா, நாமதான் கேக்கணும்' என்பார். நெருப்புப் பக்கத்தில் குந்திக்கொண்டு அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குக் காது பழகியது.

அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடிய 1991ல், இனிமேல் சாவுக்கு அடிப்பதில்லை என்று எங்க காலனியில் முடிவு பண்ணினோம். முதலில் கையைத் தூக்கினது நைனாதான். மூணு மாசம் ஊர்க்காரர்கள் நிலத்தில் வேலை கொடுக்கவில்லை. கேழ்வரகுக் கூழில் ஓட்டினோம். ஆனால் பறையை அவர் நெருப்பில் போடவில்லை. துணி சுற்றிப் பரண்மேல் வைத்தார். 'அடிமைத்தனத்தைத்தான் விட்டோம், கைவேலையை இல்ல' என்றார்.

இந்தச் சத்தம் ஏன் வருகிறது என்பதைச் சொன்னால்தான் நான் சொல்ல வந்தது புரியும்.

சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே ஏறி அழுத்துகிறது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பிளக்கில் பொறி விழும். கலவை நல்லபடியாக இருந்தால் வெடிக்காது, எரியும். வைக்கோல் போரில் ஒரு மூலையில் வைத்த தீ அடுத்த மூலைக்குப் பரவுகிற மாதிரி. அதற்கு நேரம் வேணும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிப் பதினைந்து டிகிரி அளவுக்கு இறங்கும்போது அழுத்தம் உச்சத்துக்கு வந்தால் உதை முழுசாகக் கிடைக்கும். அதற்காகத்தான் பொறியை முன்கூட்டி விடுகிறோம். இதுதான் டைமிங்.

இப்போது தூரத்து மூலையில் இருக்கிற கடைசிக் கலவையைப் பாருங்கள். தீ இன்னும் அதைத் தொடவில்லை. ஆனால் பிஸ்டன் நசுக்குகிறது. ஏற்கெனவே எரிந்த வாயு விரிந்து வந்து நசுக்குகிறது. சுவரோ கொதிக்கிறது. தாங்க முடியாமல் அது தானாகவே, மொத்தமாக, குபீரென்று பற்றிக்கொள்கிறது. அந்த அதிர்ச்சி சுவருக்குச் சுவர் மோதுகிறது, நொடிக்கு ஆறாயிரம் ஏழாயிரம் தடவை. நாம் கேட்கிற கோலிக்குண்டுச் சத்தம் அதுதான். இதற்குத்தான் நாக்கிங் என்று பெயர். எங்க பட்டறையில் 'இஞ்சின் இடிக்குது' என்போம். பிஸ்டன் தலையை ஒட்டி அசையாமல் ஒரு மெல்லிய வாயுப் படலம் இருந்து சூட்டைத் தடுக்கும். இடிக்க இடிக்க அந்தப் படலம் கிழிந்துபோய்ச் சூடு நேராக அலுமினியத்தில் இறங்கும். ரிங் உட்காரும் வரப்பு உடையும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

இதைத் தடுக்க ஆக்டேன் என்று ஒன்று இருக்கிறது. பலபேர் ஆக்டேனைப் பெட்ரோலின் பலம் என்று நினைக்கிறார்கள். பலம் இல்லை. அது பொறுமை. எவ்வளவு நசுக்கினாலும், எவ்வளவு சூடு காட்டினாலும், தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100 மார்க், ஹெப்டேன் என்ற இன்னொன்றுக்கு 0. இந்த ரெண்டின் கலவையோடு ஒப்பிட்டுத்தான் பங்க்கில் போடுகிற பெட்ரோலுக்கு மார்க் போடுகிறார்கள்.

பொறுமைக்கு மார்க் போடுவது நமக்குப் புதுசில்லை. எங்க மாவட்டத்தில் தண்டராம்பட்டு தாலுக்கா தென்முடியனூரில், மாரியம்மன் கோயிலுக்குள் நம்ம ஜனங்கள் கால் வைத்தது 2023 ஜனவரி 30ஆம் தேதி, போலீஸ் பாதுகாப்போடு. எண்பது வருஷமாக வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அமைதியா இருங்க, அவசரப்படாதீங்க, பேசித் தீத்துக்கலாம் என்று நம்மகிட்டத்தான் சொல்வார்கள். எண்பது வருஷம் எத்தனை ஆக்டேன்?

பெட்ரோலுக்குப் பொறுமையைக் கூட்டிய கதையிலும் ஆள் செத்திருக்கிறான். 1921ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்ற இஞ்சினியர், டெட்ரா எத்தில் ஈயத்தைத் துளி கலந்தால் இஞ்சின் இடிக்காது என்று கண்டுபிடித்தார். 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் பேவே என்ற இடத்தில் அந்தத் திரவத்தைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளிகள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அந்தத் திரவத்தில் கையைக் கழுவிக் காட்டி, ஒன்றும் ஆகாது என்றார். அதற்கு முந்தின வருஷம் அவரே ஈய விஷம் ஏறி ஓய்வெடுக்கப் போனவர். அப்புறமும் உலகம் முழுக்க அதைத்தான் ஊற்றினார்கள். இந்தியா முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரி 1ஆம் தேதி. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021ல்.

நான் இதையெல்லாம் படித்தது ரொம்ப வருஷம் கழித்து. 1986லிருந்து அந்தப் பெட்ரோலில்தான் கை கழுவினேன். டேங்கிலிருந்து எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சினேன். பல தடவை தொண்டைக்குள் போயிருக்கிறது. அந்த வேலையை ஷெட்டில் சின்னப் பையன்தான் செய்வான். சின்னப் பையன் எங்கேயும் நம்ம தெருப் பையன்தான். சின்ன வயசில் ஈயம் போனால் மூளையைத் தின்னும் என்று இப்போது சொல்கிறார்கள். எனக்கு எட்டாங்கிளாஸ் கணக்கு ஏறாமல் போனதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, அது முன்னாடியே ஏறவில்லை. ஆனால் எனக்குப் பிறகு வந்த பையன்களை நினைத்தால் வயிறு எரியும்.

அடுத்தது பூஸ்ட். இஞ்சின் தானாக மூச்சிழுத்தால் வெளிக்காற்றின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே போகும். காற்றை நசுக்கி உள்ளே தள்ளினால் சின்ன இஞ்சினும் பெரிய இஞ்சின் வேலை செய்யும். புகையின் வேகத்தில் சுற்றித் தள்ளினால் டர்போ. இஞ்சினே பெல்ட் போட்டுச் சுற்றித் தள்ளினால் சூப்பர்சார்ஜர். லாரியில் டர்போ வந்தபோது எங்களுக்குப் பயமே இல்லை. டீசல் இஞ்சினில் வெறும் காற்றைத்தான் அழுத்துகிறோம், எண்ணெய் பிறகுதான் உள்ளே பீய்ச்சப்படுகிறது. காத்திருந்து நசுங்குகிற கலவை அங்கே இல்லை. அதனால் டீசலுக்குப் பூஸ்ட் விருந்து மாதிரி. பெட்ரோலுக்கு அப்படி இல்லை.

காற்றை நசுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்ப்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திருவண்ணாமலை மே மாச வெயிலில் 40 டிகிரியில் இருக்கிற காற்றை அரை மடங்கு கூடுதலாக நசுக்கினால், சூப்பர்சார்ஜரை விட்டு வரும்போது 100 டிகிரியை நெருங்கிவிடும். இண்டர்கூலர் கொஞ்சம் ஆற்றும், முழுசாக ஆற்றாது. ஆக, கலவையும் அதிகம், சூடும் அதிகம், நசுக்கலும் அதிகம். அப்போது ரெண்டு வழிதான். ஒன்று, பொறுமை அதிகமான பெட்ரோல் ஊற்றணும். இல்லாவிட்டால் டைமிங்கைப் பின்னால் இழுக்கணும். ஒரு பவுண்டு பூஸ்ட் ஏற்றினால் சுமார் ஒரு டிகிரி பின்னால் என்பது கைக்கணக்கு. பின்னால் இழுப்பதும் சும்மா வருவதில்லை. எரிகிற தீ தாமதமாகி சைலன்சர் பக்கம் போகும். வால்வு கருகும், இழுவை குறையும். விட்டுக்கொடுக்கிற இடத்திலும் ஏதோ ஒன்று எரியத்தான் செய்கிறது.

ஜெர்மன்காரன் லண்டன்மேல் குண்டு போட வந்த 1940ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ்காரர்கள் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களுக்கு 87 ஆக்டேன் பெட்ரோலை விட்டு 100 ஆக்டேனுக்கு மாறினார்கள். அதே மெர்லின் இஞ்சின். அதுவரைக்கும் ஆறேகால் பவுண்டு பூஸ்ட்தான் தாங்கியது, அப்புறம் பன்னிரண்டு பவுண்டு தாங்கியது. முதலில் பெட்ரோலை மாற்றிவிட்டுத்தான் பூஸ்ட்டை ஏற்றினார்கள் என்பதைக் கவனிக்கணும். உயிர் போகிற நேரத்தில்கூட வரிசையை மாற்றவில்லை.

2017 மே மாசம், சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாள். கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தில் ரோடெல்லாம் நிறைந்திருந்தது. அப்போது எனக்குச் சொந்த ஷெட், ரெண்டு பையன்கள். கர்நாடகப் பதிவு போட்ட ஒரு ஜெர்மன் கார் உறுமிக்கொண்டே வந்து நின்றது. பின்னால் 'கொம்ப்ரஸர்' என்று எழுத்து. பத்து வயசான வண்டி, ஆனால் பளபளப்பு. ஓட்டி வந்தவர் இந்தப் பக்கத்துக்காரர்தான், பெங்களூரில் தொழில். 'வாங்க மேஸ்திரி, பெட்ரோல் வண்டிக்கு உங்க காதுதான்னு டாக்ஸி ஸ்டாண்டுல சொன்னாங்க. ஊத்தங்கரை தாண்டினதும் ஒரே சத்தம், இழுக்கவும் இல்ல' என்றார்.

பானெட்டைத் திறந்தேன். சூப்பர்சார்ஜர் மூக்கில் இருந்த புல்லி புதுசு, அளவில் சின்னது. புல்லி சின்னதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், பூஸ்ட் ஏறும். பெங்களூரில் ஒரு கடையில் போட்டு, கம்ப்யூட்டரில் டைமிங்கையும் முன்னால் ஏற்றித் தந்ததாகச் சொன்னார். அங்கே எப்போதும் விலை கூடின பெட்ரோல்தான் ஊற்றுவாராம். வழியில் அது கிடைக்காமல் சாதாரணம் இருபது லிட்டர் ஊற்றியிருக்கிறார். அப்போது சாதாரணப் பெட்ரோல் 91 ஆக்டேன், விலை கூடினது 95.

பிளக் நாலையும் கழற்றினேன். வெள்ளைப் பீங்கான்மேல் மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. மூணாவது பிளக்கில் நடுவே வெள்ளிப் பொடி மினுக்கியது. அது பெட்ரோலிலிருந்து வராது. பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறித்தால்தான் வரும். பக்கத்தில் நின்ற பையனுக்குக் காட்டினேன். 'பாத்துக்கோ, இது இஞ்சின் எழுதின கடுதாசி' என்றேன். அவன் வேற சாதிப் பையன். பத்தொன்பது வயசு, நல்ல காது அவனுக்கு.

நான் பிளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் சும்மா பேச்சுக் கொடுத்தார். 'மேஸ்திரிக்கு ஊரே இதுதானா? எந்தப் பக்கம்?' இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும். 'அம்பேத்கர் நகர்' என்றேன். அதுக்கப்புறம் மேஸ்திரி போய்விட்டது. 'ஏம்பா, சீக்கிரம் பாரு' என்றார்.

புது பிளக் போட்டு ரோடு டெஸ்டுக்குக் கிளம்பினோம். அவர் ஒரு துண்டை எடுத்து முன் சீட்டில் விரித்தார். கிரீஸுக்காக என்று நினைத்தேன். ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு பையன் பின்னால் ஏறினான். அவன் சட்டையில் என்னைவிட அதிகம் கிரீஸ். அவனுக்கு ஒன்றும் விரிக்கவில்லை.

செங்கம் ரோட்டில் மிதிக்கச் சொன்னேன். சத்தம் வந்தது. கோலிக்குண்டு இல்லை, கருங்கல் ஜல்லி. ஸ்கேனரில் டைமிங் 14 டிகிரியில் ஆரம்பித்து 9, 5, 3 என்று இறங்கியது. இந்தக் காலத்து இஞ்சினில் பிளாக்கின்மேல் நாக் சென்சார் என்று ஒன்று இருக்கும். அதுவும் ஒரு காதுதான். இடிக்கிற அதிர்வு கேட்டால் கம்ப்யூட்டரிடம் சொல்லி டைமிங்கைப் பின்னால் இழுக்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குப் பிறகு இழுக்க இடமில்லை. அந்த வண்டி அந்த எல்லையில் நின்று கத்திக்கொண்டிருந்தது.

ஷெட்டுக்கு வந்ததும் அவருக்குப் புரியவைத்தேன். 'சார், பெங்களூர் தொள்ளாயிரம் மீட்டர் உசரத்துல இருக்குது. அங்க காத்து லேசு, குளிர்ச்சி. நம்ம ஊரு அதைவிட எழுநூறு மீட்டருக்குமேல பள்ளம். இங்க காத்து கிட்டத்தட்ட எட்டு சதவீதம் அடர்த்தி. அதே புல்லி இங்க அதிகமா அடைக்கும். வெயிலோ நாப்பது. பெட்ரோலோ சாதாரணம். மூணும் ஒரே நேரத்துல எதிரா திரும்பிடுச்சி. பழைய புல்லியப் போட்டுடுங்க. முடியலைன்னா ராத்திரி குளுமையில கிளம்புங்க. நல்ல பெட்ரோல் கெடைச்சா ஊத்துங்க. ரெண்டாயிரத்து ஐநூறு சுத்துக்கு மேல போவாதீங்க, அழுத்தி மிதிக்காதீங்க.'

அவர் பெங்களூர் கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கத்துக் குரல் சொன்னது: 'சென்சார் இருக்கு சார், அது பாத்துக்கும். லாரி பட்டறைக்காரனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?' அவர் சிரித்துக்கொண்டே பிளக் விலையும் இருநூறு ரூபாயும் சீட்டின் மேல் வைத்துவிட்டு, எடுத்துக்கச் சொன்னார். கையில் தரவில்லை. பழைய பிளக் நாலையும் கேட்கவும் இல்லை. நான் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வைத்தேன்.

மறுநாள் கிரிவலம் முடித்து, உச்சி வெயிலில் கிளம்பியிருக்கிறார். சாயந்தரம் கட்டி இழுத்துக்கொண்டு என் ஷெட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். சைலன்சரில் நீலப்புகை. அழுத்தமானி வைத்துப் பார்த்தால் மூணு சிலிண்டரில் பதினொண்ணு, பன்னெண்டு. மூணாவதில் மூணு. பிஸ்டன் வரப்பு உடைந்துவிட்டது. 'பிளக்கக் கழட்டி என்னமோ பண்ணிட்ட நீ' என்றார். ரெண்டு லட்சம் செலவாகுமாம். நான் தரணுமாம்.

ராத்திரி எட்டு மணிக்கு ஒரு காவல் நிலையத்தில் நின்றேன். அவர் நாற்காலியில். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. செய்தித்தாளைப் பிரித்து பிளக்குகளை மேஜைமேல் வைத்தேன். 'சார், இந்தப் பொடிய பாருங்க. நான் கழட்டறப்பவே பிஸ்டன் உருக ஆரம்பிச்சுடுச்சி' என்றேன். அதிகாரி பிளக்கைப் பார்க்கவில்லை. 'கழட்டினது யாரு?' 'நான்தான் சார்.' 'அப்பறம் என்னா?' என்றார்.

முப்பது வருஷம் கேட்டுப் பழகின காது. அதில் தெரிந்ததை அந்த மேஜைமேல் வைத்தால் அது சாட்சியில்லை. பெங்களூரிலிருந்து போனில் வந்த குரல் மட்டும் சாட்சி. நாக் சென்சார் என்ற இரும்புத் துண்டு சொன்னால் கம்ப்யூட்டர் நம்பும். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

என் பையனைக் கூப்பிட்டார்கள். அவனுக்குக் கை நடுங்கியது. 'உங்க மேஸ்திரி என்னாடா நோண்டினாரு?' என்று கேட்டார்கள். அவன் பிளக்கைக் கையில் எடுத்தான். 'மூணாவது சார். இந்த வெள்ளி அப்பவே இருந்துச்சு. வண்டி ஓட்டாதீங்கன்னு மேஸ்திரி சொன்னாரு, நான் கேட்டேன்' என்றான். அதற்குள் தோழர்கள் நாலு பேர் ஒரு வக்கீலோடு வந்துவிட்டார்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், நாங்களும் கொடுக்கிறோம் என்று வக்கீல் சொன்னார். எழுத்து என்றதும் காரின் சொந்தக்காரர் எழுந்துவிட்டார். புல்லி மாற்றினதற்கு அவரிடம் பில் இல்லை. பதினொரு மணிக்கு எங்களை அனுப்பினார்கள். யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. கார் வேற வண்டியில் ஏறிப் போயிற்று.

அடுத்த வாரம் பையனின் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை. 'எங்க ஊருல பேசறாங்க, நீங்க தப்பா நெனைக்காதீங்க' என்று சொல்லி அவனை இட்டுக்கினு போய்விட்டார். ரெண்டு லட்சம் போயிருந்தால்கூடக் கடன் வாங்கிக் கட்டியிருப்பேன். அந்தப் பையன் போனதுதான் எனக்கு நஷ்டம்.

இப்போது எல்லா வீட்டிலும் டர்போ வந்துவிட்டது. ஒரு லிட்டர் இஞ்சினில் டர்போ போட்ட சின்னக் கார்கள் தவணையில் கிடைக்கின்றன. 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரில் பத்து நகரங்களில் வந்தது, நம்ம ஊர் அந்தப் பட்டியலில் இல்லை. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு 95 ஆக்டேன் என்று கணக்கு. எத்தனாலுக்குப் பொறுமை அதிகம், ஆவியாகும்போது காற்றையும் குளிர்விக்கும், அதனால் பூஸ்ட் வண்டிக்கு அது ஒத்துப்போகும். ஆனால் எரிசக்தி குறைவு, அதே ஓட்டத்துக்கு அதிகம் ஊற்றணும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் பார்த்துக்கொள்ளணும்.

கம்பெனியிலிருந்து வந்தபடி ஓட்டுகிறவர்களுக்குப் பயமில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்கிறவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். யாரும் வந்து பொறுமையைக் கூட்டுங்க, டைமிங்கைப் பாருங்க என்று கேட்பதில்லை. எல்லோருக்கும் பூஸ்ட் மட்டும் வேணும். நான் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன்: முதலில் எந்தப் பெட்ரோல் ஊற்றுவீர்கள், எந்த ஊரில், எந்த வெயிலில் ஓட்டுவீர்கள் என்று சொல்லுங்கள். கலவையில் பெட்ரோல் கொஞ்சம் தூக்கலாக இருக்கணும், டைமிங் பின்னால் இருக்கணும், அப்புறம் பூஸ்ட். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஸ்பேனரைத் தொடுகிறேன். வக்கீல் தோழர் கற்றுக்கொடுத்த பழக்கம்.

நைனா 2009லேயே போய்விட்டார். பறை இன்னும் வீட்டில் இருக்கிறது. அம்பேத்கர் பிறந்த நாளுக்கு என் மகள் எடுத்துக் காய்ச்சி அடிக்கிறாள். இன்ஜினியரிங் படிக்கிறாள், மெக்கானிக்கல். நாக் சென்சார் எந்த அதிர்வெண்ணில் கேட்கிறது என்று எனக்கு அவள்தான் படம் போட்டுக் காட்டினாள். நான் அவளுக்கு அந்தச் சத்தத்தை ரோட்டில் கேட்கவைத்தேன்.

என்னைவிட்டுப் போன பையன் இப்போது பெங்களூரில் ஒரு ஷெட்டில் இருக்கிறான். மாசத்துக்கு ஒரு தடவை போன் போடுவான். போன வாரமும் போட்டான். 'அண்ணே, ஒரு வண்டி. ஸ்கேனர்ல எல்லாம் சரின்னு காட்டுது, காதுல தப்பாக் கேக்குது. ஓனரு வேற அவசரப்படுறாரு' என்றான். 'பிளக்கக் கழட்டுடா' என்றேன்.